காயாத நாற்காலிகள்

ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் அன்னம்மா அதைச் சொன்னாள். மூன்று நாள் அண்ணன் வீட்டில் தங்கி, நான்கு வேளை கோழிக்கறி சாப்பிட்டு, சிராங்கூன் ரோட்டில் இரண்டு சேலை எடுத்து, தஞ்சோங் பகார் ஸ்டேஷன் வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஹால் நாற்காலியில மூட்டைப்பூச்சி இருக்கு. வந்த அன்னைக்கே கடிச்சிடுச்சு. அண்ணன் மனசு கஷ்டப்படும்னுதான் சும்மா இருந்தேன்."

சந்திரமதி வாயைத் திறப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. தங்கைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கப் போயிருந்த கோவிந்தசாமி அப்போதுதான் ஓடி வந்தான். பையை ஜன்னலுக்குள் திணித்துவிட்டு, பிளாட்பாரத்தின் கடைசிவரை போய்க் கையாட்டிவிட்டுத் திரும்பினான்.

"என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாளே?"

"ஒண்ணுமில்ல. போய் லெட்டர் போடுறேன்னா."

கிள்ளானில் இறங்கியதும் அன்னம்மா முதலில் யாரிடம் சொல்வாள் என்று சந்திரமதிக்குத் தெரியும். தன் மாமியாரிடம், அதாவது அன்னம்மாவின் அம்மாவிடம். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவள் காது சூடாகவே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். கோவிந்தசாமியின் வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து, ஹாலில் இருந்த நாற்காலியைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்து, காலைப் பிடித்து நாலு தட்டுத் தட்டினாள். முதலில் தூசி விழுந்தது. அப்புறம் ஒரு முறுக்குத் துண்டு. அப்புறம் மூன்று பூச்சிகள், நிதானமாக, எங்கே போவது என்று யோசிப்பவைபோல வேட்டியின்மேல் நடக்க ஆரம்பித்தன. ஒன்றை நசுக்கினாள். அந்த வாடை விரலை விட்டுப் போக இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது.

நாற்காலிகள் நான்கு. தேக்குச் சட்டம், உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் வீட்டுச் சாமான்களை விற்றபோது, துறைமுக ஆபீசில் கிராணியாக, எழுத்து வேலை பார்த்த கோவிந்தசாமி வாங்கி வந்தவை. அது ஐம்பத்தாறில். ஓவன் ரோட்டுக்குப் பக்கத்தில் எஸ்.ஐ.டி. என்ற அரசாங்க வாரியம் கட்டிய அந்த மூன்று மாடி வீடுகளில், ஒரே மாதிரி நான்கு நாற்காலி வைத்திருந்த குடும்பம் இவர்களுடையது மட்டும்தான். அதனால் யார் வீட்டில் என்ன நடந்தாலும் நாற்காலிகள் படியில் ஏறின, இறங்கின. மேல்மாடி நாகூர் கனி வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தால் மேலே போகும். கீழ்வீட்டுச் செல்லக்கண்ணு பிள்ளைக்குக் காது குத்தினால் கீழே போகும். பக்கத்துப் பிளாக்கில் சாவு விழுந்தால்கூட வந்து கேட்டார்கள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க லா. இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்பான் கோவிந்தசாமி. அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து சந்திரமதி கேட்டதில்லை.

வீட்டார் யாரும் அந்த நாற்காலிகளில் அதிகம் உட்கார்ந்ததும் இல்லை. கோவிந்தசாமிக்குச் சாய்வதற்குக் கான்வாஸ் ஈஸிசேர் இருந்தது. பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதும். சந்திரமதி உட்காருவதே அபூர்வம். விருந்தாளிக்கு என்று துடைத்து வைத்த நாற்காலி, விருந்தாளியைக் கடித்திருக்கிறது. எவள் வீட்டிலிருந்து வந்ததோ இந்தப் பூச்சி என்று, நாற்காலி போய்வந்த வீடுகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். கடைசியாகப் போனது மேல்மாடிக்கு. கனியின் மனைவி ஆமினா பீவி வீட்டில் மெத்தை இரண்டு, பிள்ளைகள் ஐந்து. அங்கேயிருந்துதான் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பூச்சி மட்டுமா. பின்னல் வேறு தொய்ந்து கிடந்தது. நான்கில் இரண்டு நடுவில் தொட்டில்போலத் தொங்கின. வெற்றிலைக் கறை ஒன்றில், தேநீர்க் கறை இன்னொன்றில்.

மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை டிரைஷா என்ற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஏற்றி அராப் ஸ்திரீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே பிரம்புக் கூடை, பாய், தொட்டில் எல்லாம் விற்கும் சீனக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். புதிதாகப் பின்ன எவ்வளவு நாள் ஆகும் என்று மலாயில் கேட்டாள். அவர் நாற்காலியைத் திருப்பி, பின்னலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"பெலும் புத்துஸ்," என்றார். அறுந்து போகவில்லை, தளர்ந்துதான் இருக்கிறது.

புதிதாகப் பின்ன வேண்டாம், கழுவினால் போதும் என்று அவரே வழி சொன்னார். மேல்பக்கம் பிரம்பின் தோல் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் இறங்காது. நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் சூடான தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி ஊற வைக்க வேண்டும். கறைக்கு எலுமிச்சையும் உப்பும். வெயிலில் போடக்கூடாது, முறிந்துவிடும். நிழலில், காற்றில் வைத்தால் காயக் காயப் பிரம்பு தானாக இறுகும். விஷயம் இனிமேல்தான் என்பதுபோல இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"டுவா ஹாரி. ஜாங்கான் டூடோக்."

இரண்டு நாள் உட்காராதே. ஈரப் பின்னலில் ஆள் உட்கார்ந்தால் அந்த ஆளின் அச்சிலேயே அது காய்ந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று கையாலேயே குழிவு காட்டினார். சந்திரமதி மூன்று தடவை தலையாட்டினாள். அவரிடமே ஒரு மெல்லிய பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆரம்பித்தாள். மண்ணெண்ணெய் அடுப்பில் கெட்டில் மாற்றிக் கெட்டில் ஏற்றினாள். பின்பக்கப் பால்கனியில் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் பிரஷ்ஷின் முனையை விட்டு அழுக்கை எடுத்தாள். கண் என்றால் ஒரு நாற்காலியில் நூற்றுக்கணக்கில் இருந்தது. இரண்டு வருஷத்து அழுக்கு, கஞ்சித்தண்ணீர் நிறத்தில் வழிந்தது. எலுமிச்சைச் சாறு விரல் வெடிப்பில் பட்டு எரிந்தது. முதுகு நிமிர முடியவில்லை. மதியம் மூன்று மணிக்கு நான்காவதை முடித்து நிமிர்ந்தபோது முதல் நாற்காலியின் பின்னல் ஏற்கெனவே லேசாக மேலெழும்பத் தொடங்கியிருந்தது. சந்திரமதிக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தாள். மேலே உலர்ந்திருந்தது, அடியில் இன்னும் குளிர்ச்சி. நாளைக்குச் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு டெக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். மீன் வாங்கித் திரும்பி வந்தபோது மணி இரண்டு. சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் கோவிந்தசாமி ஏற்கெனவே வந்து ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். பால்கனி காலியாக இருந்தது.

"நாற்காலி எங்கங்க?"

"மேல. கனி நானா மகளைப் பார்க்க பினாங்குலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. திடீர்னு வந்துட்டாங்களாம், பாவம். நானே தூக்கிக் கொடுத்துட்டு வந்தேன்."

"ஈரமா இருக்கு. ரெண்டு நாளைக்கு உக்காரக் கூடாதுன்னு உங்ககிட்ட நேத்து ராத்திரியே சொன்னேனா இல்லையா?"

"தொட்டுப் பார்த்தேனே, காஞ்சுதான் இருந்துச்சு."

சந்திரமதி மீன் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். மேல்மாடியிலிருந்து ஆண்கள் சிரிப்பது கேட்டது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் போய் எழுந்திருங்கள் என்று சொல்ல முடியுமா? பினாங்கிலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா நல்ல பருமன் என்பதை அவர் படியிறங்கும்போது பார்த்துத் தெரிந்துகொண்டாள். நாற்காலிகள் திரும்பி வந்தபோது, அவர் எதில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் கேட்காமலே தெரிந்துகொண்டாள். அதில் ஒரு வெண்கலத் தாம்பாளத்தை வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். அவ்வளவு குழி.

அன்றைக்குச் சாயங்காலம் சண்டை.

"இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாயே வராதா?"

"நாற்காலி என்ன சாமி விக்கிரகமா சந்திரா? உக்காரத்தானே செஞ்சிருக்கான்."

"கழுவுனது யாரு? நேத்து பூரா முதுகு ஒடிய உக்காந்து தேய்ச்சது யாரு?"

"நானா கழுவச் சொன்னேன்?"

மூட்டைப்பூச்சி விஷயத்தை அவனிடம் சொல்லியிருந்தால் பதில் இருந்திருக்கும். சொன்னால் தங்கை கடிபட்டதும் தெரியும், மூன்று நாள் சோறு இறங்காது அவனுக்கு. அதனால் விழுங்கினாள்.

கோவிந்தசாமி கொஞ்சம் இறங்கி வந்தான். "நீ வயித்து வலியில துடிச்சப்ப, டாக்ஸி கிடைக்காம நான் ரோட்டுல நின்னு முழிச்சப்ப, யாரு வந்தா? கனி நானா கடையைப் பூட்டிட்டு வேனை எடுத்துட்டு வந்தாரு. துணி மூட்டைய எல்லாம் ரோட்டுலேயே இறக்கிப் போட்டுட்டு உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. அவருக்கு நாலு நாற்காலி இல்லைன்னு எப்படி சொல்றது, சொல்லு."

அதுவும் உண்மைதான். அவன் சொல்வதில் பொய்யே இருக்காது, அதுதான் எரிச்சல். அவன் சொன்னதெல்லாம் நியாயம், ஆனால் குழி விழுந்த நாற்காலி அவள் வீட்டில் நின்றது.

அடுத்த வாரம் மறுபடி கழுவினாள். சீனர் முடியாது என்று சொன்னதை முடித்துக்காட்டுகிற வீம்பு. குழி விழுந்ததை மட்டும் மூன்று தடவை ஊறவைத்தாள். இந்தத் தடவை நாற்காலியின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வெள்ளைக் கயிறு கட்டி, அட்டையில் 'ஈரம், உட்காரக் கூடாது' என்று பிள்ளையின் கிரேயானால் எழுதித் தொங்கவிட்டாள். குழி முழுதாக எழும்பவில்லை. ஆனாலும் பாதி எழும்பியது.

மறுநாள் தைப்பூசம். டேங்க் ரோட்டுக்குப் போகிற வழியில் செல்லக்கண்ணு வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போடுவான். காவடி பார்க்கக் குடும்பத்தோடு காலையிலேயே போய்விட்ட சந்திரமதி, மோர் குடிக்கப் பந்தலுக்குள் ஒதுங்கினாள். பந்தலுக்குள் அவள் நாற்காலிகள் இருந்தன. கயிறு கட்டினபடியே இருந்தது, அட்டை மட்டும் திரும்பித் தொங்கியது. ஒன்றில் காவடி எடுத்து வந்த ஒருவர் உடம்பெல்லாம் சந்தனமும் பாலுமாக மயக்கமாய்ச் சாய்ந்திருக்க, மனைவி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொன்றின்மேல் மோர்ப்பானை.

செல்லக்கண்ணு உற்சாகமாக ஓடி வந்தான். "வாங்க அண்ணி! அண்ணன்தான் விடியக்காலையில எடுத்துக்கச் சொன்னாரு. கயித்தை அவுக்கக் கூடாதுன்னு ரொம்ப பத்திரமா கொண்டாந்தோம், பாருங்க."

சாமி காரியம். அவள் என்ன சொல்வாள். மோரை வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வந்த நாற்காலிகளில் பால் நாற்றம், சந்தனம், மஞ்சள், அழுத்தித் தேய்த்தாலும் போகாத குங்குமம். மோர்ப்பானை வைத்ததில் இரண்டு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை விரித்துத் தட்டினாள். பூச்சியும் இருந்தது. முன்பைவிட அதிகமாகவே இருந்தது.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. பூச்சி எங்கேயிருந்து வருகிறதோ அங்கேயே போய்க் கேட்டுவிடுவது என்று படியேறினாள்.

ஆமினா பீவி ஹாலில் பாய் விரித்து, மகளின் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண், கத்தரிக்கோலை நிறுத்தாமலே பேசுகிறவள். சந்திரமதி உட்காராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு லா."

"உங்க வீட்டு மெத்தையை வெயில்ல போட்டு எவ்வளவு நாளாச்சு?"

கத்தரிக்கோல் நின்றது. "ஏன் கேக்குறே?"

"எங்க நாற்காலியில மூட்டைப்பூச்சி. எத்தனை தடவை கழுவினாலும் மறுபடி வருது. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா..."

அவள் முடிக்கவில்லை. ஆமினா பீவி கத்தரிக்கோலைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுலேர்ந்தா? ஏன் புள்ள, உனக்கு நெஞ்சுல கை வெச்சு சொல்ல முடியுமா? உங்க வீட்டு நாற்காலி வந்த பிறகுதான் எங்க வீட்டு மெத்தையில பூச்சியே ஏறுச்சு. ரெண்டு வருஷமா! ஒவ்வொரு தடவையும் நாற்காலி போன மறுநாள் நான் இந்த ஹால் பூரா வெந்நி ஊத்திக் கழுவுறேன். மெத்தையை மொட்டைமாடிக்குச் சுமந்துக்கிட்டுப் போறேன். பினாங்குக்காரங்க வந்த அன்னைக்கு அவங்களுக்கு அடியில தலைகாணி வெச்சு, அதுக்கு மேல ரெண்டு போர்வை மடிச்சுப் போட்டேன், தெரியுமா உனக்கு?"

"அப்புறம் எதுக்கு வாங்குனீங்க?"

"வேற யார் வீட்டுல இருக்கு? சம்பந்தம் பேச வந்தவங்களை அரிசி மூட்டையிலயா உக்கார வைக்கிறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிச் சொல்றது? கிராணி அந்த நாற்காலியைத் தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்து தர்றாரு. சிரிச்ச முகமா வர்றாரு. அந்த மனுஷன்கிட்ட போய், உங்க நாற்காலியில பூச்சி இருக்குன்னு எந்த வாயால சொல்றது? கீழ செல்லக்கண்ணு பொண்டாட்டி ரத்தினம்மாவையும் கேட்டுப் பாரு. அவ என்ன சொல்றான்னு கேளு."

சந்திரமதி கேட்டாள். அன்றைக்கே கேட்டாள். ரத்தினம்மா முதலில் இல்லை இல்லை என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்டுல நாங்க உக்கார மாட்டோம் அக்கா, வர்றவங்களுக்குத்தான்," என்றாள்.

படியேறி வரும்போது சந்திரமதிக்கு அழுகை வந்தது. கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆத்திரம் இன்னொரு பக்கம். இரண்டு வருஷம்! இந்தப் பிளாக்கில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டுக்குள் தனியாக வெந்நீர் காய்ச்சி, தனியாக முனகி, அடுத்தவளை மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளும் அதைத்தான் செய்தாள். ஆமினா பீவியை அழுக்கு என்று நினைத்தாள். ஒருத்தியாவது வாயைத் திறந்திருந்தால் இரண்டு வருஷத்து வெந்நீர் மிச்சம்.

கோவிந்தசாமியின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தாள். இத்தனை நாளும் அவள் பின்னலைத்தான் கழுவினாள். நாற்காலியைக் கவிழ்த்தால் நான்கு மூலையிலும் சட்டத்தை இறுக்க முக்கோணக் கட்டை ஒவ்வொன்று திருகியிருந்தது. துருப்பிடித்த திருகாணியை உள்ளங்கை சிவக்கத் திருகினாள். முதல் கட்டை கழன்று கையோடு வந்தது.

அதன் பின்னால் இருந்ததைப் பார்த்து நாற்காலியைக் கை விட்டுவிட்டாள். மிளகை இடித்துக் கொட்டியதுபோலக் கறுப்பு, அதன்மேல் உரிந்த தோல்கள் அடுக்கடுக்காக, நடுவே உயிருள்ளவை வெளிச்சம் பட்டதும் நாலா பக்கமும் ஓடின. இரண்டு வருஷத்தில் சேர்ந்த அழுக்கா, துரை வீட்டிலிருந்தே வந்ததா, அது யாருக்குத் தெரியும். அவள் ஊற்றிய வெந்நீர் ஒரு சொட்டுக்கூட அங்கே போனதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கோவிந்தசாமி வேலைவிட்டு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பால்கனிக்கு வந்தான்.

"குனிஞ்சு பாருங்க," என்றாள்.

பார்த்தான்.

"இதுலயா எல்லாரும்...?"

"உங்க தங்கச்சியும். கனி நானா சம்பந்தியும். காவடி எடுத்த மனுஷனும்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எந்தெந்த வீட்டுக்கு எப்போது தூக்கிப் போனோம் என்று அவன் மனதுக்குள் ஓட்டுவது முகத்தில் தெரிந்தது. "சந்திரா," என்றான் மெதுவாக, "இது வெளிய யாருக்கும் தெரிய வேணாம். பேரு கெட்டுப் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"எல்லாருக்கும் தெரியுங்க. ரெண்டு வருஷமா தெரியும். தெரியாதது உங்களுக்கும் எனக்கும்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கழுவினார்கள். அவள் திருக, அவன் வெந்நீர் கொண்டுவந்தான். பின்னலுக்கு மிதமான சூடு, மூலைக்கும் சட்டத்துத் துளைகளுக்கும் கொதிக்கக் கொதிக்கக் கெட்டில் மூக்கால் ஊற்றுவது. அப்புறம் ஒவ்வொரு துளையிலும் கோழியிறகால் மண்ணெண்ணெய். நடுவில் ஆமினா பீவி ஒரு பெரிய பிரியாணிச் சட்டி நிறைய வெந்நீரை மகளோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இந்தக் காலை இன்னும் சாய்ச்சுப் பிடி," என்று மட்டும் சொன்னாள். கோவிந்தசாமி அவள் முகத்தைப் பார்க்காமலே சட்டியை வாங்கிக்கொண்டான்.

கொதிநீர் பட்ட இடமெல்லாம் பாலிஷ் வெளுத்துப் போயிற்று. தேக்குச் சட்டத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அறுந்த இழைகளை மட்டும் அராப் ஸ்திரீட் சீனர் மாற்றிக் கொடுத்தார், புது இழை பழசோடு ஒட்டாமல் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பின்னல் இறுகியது. இரண்டு நாள் யாரும் வந்து கேட்கவில்லை. மூன்றாம் நாளும் கேட்கவில்லை. கிராணி வீட்டு நாற்காலி சுடுதண்ணியில் கிடக்கிறது என்று ஆமினா பீவி பிளாக் முழுக்கச் சொல்லியிருந்தாள். வேட்டியை விரித்துத் தட்டினால் இப்போது தூசிகூட விழவில்லை.

ஒரு மாதம் நாற்காலிகள் ஹாலை விட்டு நகரவில்லை. சந்திரமதிக்கு நிம்மதி. கோவிந்தசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது படியேறினால் எட்டிப் பார்த்தான். செல்லக்கண்ணு வீட்டில் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே, "நாற்காலி வேணுமா தம்பி? இப்ப சுத்தமா இருக்கு," என்று கேட்கப் போய், "வேணாம்ணே, பாய் போட்டுட்டோம்," என்ற பதிலோடு திரும்பி வந்தான். அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அவனைப் பார்க்க அவளுக்கே பாவமாகத்தான் இருந்தது.

பங்குனி பிறந்ததும் அவனாகவே ஒரு வேலை செய்தான். வீடு வீடாகப் போய்ப் பேசி, எல்லோரையும் சேர்த்து, பிளாக்குக்கென்று ஒரு டஜன் மடக்கு இரும்பு நாற்காலி வாங்க ஏற்பாடு செய்தான். சந்திரமதிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. லாரி வந்து நின்றது. நாற்காலிகள் இறங்கின. ஒவ்வொன்றாகப் படியேறி, அவள் வீட்டு வாசலைத் தாண்டி, அவள் வீட்டு ஹாலுக்குள்ளேயே வந்தன.

"இங்க எதுக்குங்க?"

"எல்லாருக்கும் நடு வீடு நம்மளுதுதானே. நானே வெச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன்."

பன்னிரண்டும் சமையலறைக்குப் போகும் வழியில் சாய்ந்து நின்றன. தண்ணீர்க்குடம் எடுத்துப் போக அவள் ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. வந்த வாரமே கனி நானா மகள் கல்யாணம். திரும்பி வந்தபோது நெய்ப்பிசுக்கும் சோறும் ஒட்டியிருந்தது.

"இதை நான் தொட மாட்டேன். நீங்கதான் கழுவணும்," என்றாள் சந்திரமதி.

"கழுவுறேன். அதுல என்ன?" கோவிந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலிகளைக் கீழே கொண்டுபோய்ப் புல்லில் வரிசையாக நிறுத்தினான். குழாயில் ரப்பர் டியூப் மாட்டிப் பீய்ச்சினான். பழைய துணியால் ஒரு இழுப்பு. பத்து நிமிடம். வெயிலில் அவன் கண் முன்னாலேயே உலர்ந்தது. மேலே பால்கனியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"பார்த்தியா சந்திரா? பத்தே நிமிஷம்! இதுக்குப் போயி இத்தனை நாளா கத்திக்கிட்டு இருந்தியே!"

சந்திரமதி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். சொல்வதற்கு ஏகப்பட்டது இருந்தது. பிரம்பு வேறு இரும்பு வேறு என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். புல்லில் அவனைச் சுற்றி ரத்தினம்மாவும் பிள்ளைகளும் நின்றார்கள். அவன் முகத்தில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

அவன் படியேறி உள்ளே வந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னான்.

"ஒண்ணு தோணுது. இனிமே நமக்கு இந்தப் பிரம்பு நாற்காலி எதுக்கு? கனி நானா மகளுக்குத் தனிக்குடித்தனம் வெக்கிறாங்களாம். நாலையும் சீரா கொடுத்துட்டா என்ன? இப்பத்தான் நல்லா ஆயிடுச்சே."

"முடியாது," என்றாள் சந்திரமதி.

அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. காரணம் வரும், சண்டை வரும் என்று துண்டோடு நின்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அவள் அரிசி களையப் போய்விட்டாள், அந்த இரும்புக் குவியலை ஒருக்களித்துத் தாண்டி.

"சரி லா," என்றான் கோவிந்தசாமி கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல.

புதுப்பெண்ணுக்கு அவர்கள் ஒரு குத்துவிளக்கு அளவுக்குப் பெரிய எவர்சில்வர் அடுக்குச் சட்டி வாங்கிக் கொடுத்தார்கள். பிரம்பு நாற்காலிகள் வீட்டிலேயே இருந்தன. அறுபத்தேழில் தோ பாயோவுக்கு வீடு மாறும்வரை வருஷத்துக்கு இரண்டு தடவை அவளே கழுவினாள், இரண்டு நாளும் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.